இட்டேரிக்கும் மலைக்கும் ஒரே வண்டி: எதை மாற்றலாம், எதை விடலாம்

காங்கேயம், மூலனூர், தாராபுரம் பக்கம் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்திலும் இரு பக்கமும் வேலியுள்ள இட்டேரிப் பாதையிலும் போகிற பைக்குக்கு முதலில் மாற்ற வேண்டியது டியூப். வெள்வேலா முள்ளும் சீமைக் கருவேல முள்ளும் உதிர்ந்து கிடக்கிற மண்ணில் கம்பெனி டியூப்போடு இறங்கினால் மற்ற எந்தச் செலவும் வீண்தான். வண்டி நடுக்காட்டில் நின்றுவிடும். ஆனால் புது வண்டி எடுத்தவர்களில் பாதிப் பேர் முதலில் போய் நிற்பது சைலன்சர் கடையில்.

இங்கே சொல்வதெல்லாம் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி, ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 மாதிரி வண்டிகளுக்கு. முன்னால் 21 இன்ச் சக்கரம், ஸ்போக் ரிம், நீளமான சஸ்பென்ஷன், அளவான இன்ஜின். பேரிங், போல்ட் அளவுகள் வண்டிக்கு வண்டி மாறும். முறை மாறாது.

ஒரு கணக்கை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்பல்ஸின் எடை சுமார் 160 கிலோ, சக்தி சுமார் 19 குதிரைத்திறன். இரும்பு க்ராஷ் கார்டு 6 கிலோ, இன்ஜினுக்கு அடியில் போடும் இரும்பு பேஷ் பிளேட் 3 கிலோவுக்கு மேல், பின்பக்க கேரியரும் பக்கப் பையைத் தாங்கும் சேடில் ஸ்டேயும் 5 கிலோ, காலி டாப் பாக்ஸ் 4 கிலோ, அது இது என்று இன்னொரு 3 கிலோ. மொத்தம் 20 கிலோவைத் தாண்டிவிடும். அதாவது வண்டி எட்டில் ஒரு பங்கு கனத்துப் போகும், அதுவும் பெரும்பாலும் உயரத்திலோ பின்பக்கமோ. எந்தச் சைலன்சரும் ஃபில்டரும் அந்த இழப்பை ஈடுகட்டாது. ஆகவே ஒவ்வொரு பொருளையும் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது எத்தனை கிலோ என்பதுதான்.

டயரும் டியூப்பும்

கம்பெனி டியூப்பின் சுவர் மெல்லியது. சந்தையில் ஹெவி டியூட்டி என்று 3 முதல் 4 மி.மீ. கனத்தில் டியூப் கிடைக்கிறது. முள் முழுவதையும் அது தடுக்காது. ஆனால் சின்ன முள்ளின் நுனி டயரைத் துளைத்து உள்ளே எட்டிப் பார்க்கும்போது மெல்லிய டியூப் உடனே போய்விடும், தடித்த டியூப் பெரும்பாலும் தாங்கிவிடும். கல்லில் மோதி ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கிக் கிழிகிற பஞ்சரும் நன்றாகக் குறையும். எடை கூடும், தார் ரோட்டில் வேகமாகப் போனால் டயர் சூடும் கொஞ்சம் கூடும். இந்த ஊர் மண்ணுக்கு அந்த விலை தகும்.

டியூப்புக்குள் ஊற்றுகிற சீலன்ட் திரவம் முள் ஓட்டைக்கு நன்றாக வேலை செய்யும், கிழிசலுக்கு உதவாது. அது உள்ளே இருக்கும் டியூப்பை பஞ்சர் ஒட்டுவதும் சிரமம். ஓட்டையைச் சுற்றி ஈரம் கசிந்துகொண்டே இருந்தால் பேட்ச் பிடிக்காது. சீலன்ட் ஊற்றுகிறவர்கள் கையில் மாற்று டியூப்பும் வைத்திருக்க வேண்டும். ஒன்றே ஒன்று எடுத்துப் போக இடம் இருந்தால் முன்சக்கரத்து 21 இன்ச் டியூப்பை எடுத்துப் போங்கள். அவசரத்துக்கு அதைப் பின்சக்கரத்தில் திணித்து ஊர் வந்து சேரலாம். பின்சக்கர டியூப்பை முன்னால் இழுத்துப் போடுவது சரிவராது.

முள் பஞ்சரில் எல்லோரும் தவறவிடுகிற இடம் ஒன்று உண்டு. டியூப்பை ஒட்டிவிட்டு அப்படியே மாட்டுவார்கள், பத்து கிலோமீட்டரில் மறுபடி இறங்கிவிடும். முள்ளின் தலை வெளியே ஒடிந்திருந்தாலும் நுனி டயர் ரப்பருக்குள்ளேயே குத்திக்கொண்டு நிற்கும். வெறும் விரலை விட்டுத் தேடினால் விரல் கிழியும். பழைய பருத்தித் துணியை உள்ளே விட்டு ஒரு சுற்று இழுங்கள். நூல் எங்கே மாட்டுகிறதோ அங்கே முள். அதை உள்பக்கமிருந்து குறடால் பிடித்து இழுத்தால் வந்துவிடும். வெளியிலிருந்து நோண்டினால் ஒடிந்து இன்னும் உள்ளே போகும். ஒரு முள்ளை எடுத்ததும் நிறுத்தாமல் துணியை இன்னொரு சுற்று விடுங்கள். முள் தனியாக வருவது அபூர்வம்.

டயரை வழியோரத்தில் கழற்றத் தெரிந்திருக்க வேண்டும். லிவரை வைத்து முரட்டுத்தனமாக நெம்பினால் டியூப் கிழியும், ரிம் உதடு வளையும். வேலையே ரிம்மின் நடுப்பள்ளத்தில்தான் இருக்கிறது. நீங்கள் நெம்புகிற இடத்துக்கு நேர் எதிரே டயரின் விளிம்பை முட்டியால் அழுத்தி அந்தப் பள்ளத்தில் இறக்கிவிட்டால், இந்தப் பக்கம் இரண்டு விரல் தளர்வு கிடைக்கும். சோப்புத் தண்ணீர் தடவி, லிவரை ஒரு தடவைக்கு நாலு விரல்கடை மட்டும் நகர்த்துங்கள். மாட்டும்போது கடைசி இழுப்பு வால்வு பக்கம் முடிய வேண்டும். டியூப்பில் லேசாகக் காற்று வைத்து மாட்டினால் லிவரில் சிக்காது.

தார் ரோட்டுக்குக் காற்று கம்பெனி சொன்ன அளவே. சேற்றிலும் ஓடை மணலிலும் 18 முதல் 20 பி.எஸ்.ஐ. வரை இறக்கலாம். அதற்குக் கீழே போனால் ரிம்லாக் (டயர் விளிம்பை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்) வேண்டும். இல்லாவிட்டால் டயர் ரிம்மின் மேல் நழுவி, கூடவே டியூப்பையும் இழுத்து, வால்வை வேரோடு பிய்த்துவிடும். ரிம்லாக் போட்டால் சக்கரத்தின் ஒரு பக்கம் கனக்கும், நெடுஞ்சாலையில் அதிரும், எதிர்ப்பக்கம் எடை கட்டிச் சமன் செய்ய வேண்டும். வாரம் முழுக்க அவினாசி ரோட்டில் ஆபீஸ் போய்விட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் மண்ணில் இறங்குகிறவர்களுக்கு ரிம்லாக் தேவையே இல்லை. 20-க்குக் கீழே இறக்காமல் ஓட்டினால் போதும்.

வால்வைச் சுற்றி இருக்கும் குட்டி நட்டை ரிம்மோடு சேர்த்து முடுக்கி வைப்பது பல பஞ்சர் கடைகளில் பழக்கம். அதைத் தளர்த்தி மேலே வால்வு மூடியை ஒட்டி ஏற்றி வையுங்கள். டயர் நழுவ ஆரம்பித்தால் வால்வு சாய்ந்து நிற்பது கண்ணுக்குத் தெரியும், டியூப் கிழிவதற்கு முன்னால் காற்றை இறக்கிச் சரி செய்யலாம். நட்டு முடுக்கியிருந்தால் வால்வு நேராகவே நிற்கும், ஒரேயடியாக அறுந்துதான் தெரியவரும்.

டயரில் பாதி மண் பாதி ரோடு வகைதான் இங்கே பொருந்தும். முழு நாபி டயர் (பெரிய கட்டைகள் கொண்ட மண் டயர்) செம்மண் சேற்றில் அருமையாகப் பிடிக்கும், ஆனால் ஈரத் தார் ரோட்டில் கட்டைகள் வளைந்து வழுக்கும். ஆழியாறிலிருந்து வால்பாறை வரை 40 கொண்டை ஊசி வளைவு, மழைக்காலத்தில் எந்த நேரமும் ஈரம். அங்கே நாபி டயரோடு பிரேக் பிடிப்பது அபாயம். பின்டயரை அகலப்படுத்தும் ஆசையும் வேண்டாம். எக்ஸ்பல்ஸுக்கு 120/80-18 என்றால் அதுவே போதும். அகல டயர் மண்ணில் உள்ளே இறங்காமல் மேலே மிதந்து வழுக்கும், செயினில் உரசும், வண்டியைத் திருப்புவதும் கனக்கும்.

ஸ்போக் ரிம்மை உள்ளே சீல் செய்து டியூப்லெஸ் ஆக்குகிற வேலை இப்போது நிறைய நடக்கிறது. செய்வதற்கு முன் ரிம்மின் மேல் பொறித்திருக்கும் எழுத்தைப் பாருங்கள். ‘எம்.டி.’ என்று இருந்தால் டயர் விளிம்பைப் பிடித்து நிறுத்தும் மேடு ரிம்மில் இருக்கிறது. ‘டபிள்யூ.எம்.’ என்றால் அந்த மேடு இல்லை. மேடில்லாத ரிம்மில் டியூப்பை எடுத்துவிட்டால் காற்று குறைந்த நேரத்தில் வளைவில் டயர் உள்ளே சரிந்து, இருக்கிற காற்றும் ஒரே மூச்சில் போகும். முன்சக்கரத்தில் அப்படி நடந்தால் விழுவது நிச்சயம். சீல் செய்த பிறகு ஸ்போக் முடுக்கினாலும் சீல் விட்டுப்போகும். மண்ணில் ஓடுகிற வண்டிக்கு ஸ்போக் முடுக்குவது வழக்கமான வேலை என்பதால், தடித்த டியூப்பே மேல்.

பேஷ் பிளேட்: பட்டறையில் என்ன கேட்பது

கோவைக்காரர்களுக்கு இருக்கிற வசதி இந்தியாவில் அதிக ஊர்களுக்கு இல்லை. கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் லேத், லேசர் கட்டிங், பெண்டிங், டிக் வெல்டிங் எல்லாம் நடக்கிறது. ஆன்லைனில் ஐயாயிரம், ஆறாயிரம் கொடுத்து வாங்குகிற பல பொருளை இங்கே செய்து வாங்கலாம். பட்டறைக்காரரிடம் ‘வண்டிக்கு அடியில ஒரு தகடு வேணுங்க’ என்று மட்டும் சொன்னால் கையில் கிடக்கிற 3 மி.மீ. இரும்புத் தகட்டை வெட்டிக் கொடுத்துவிடுவார். பொருள், கனம், வளைவு மூன்றையும் நீங்கள் சொல்ல வேண்டும்.

அலுமினியத் தகடு, 5052 கிரேடு, 4 மி.மீ. கனம். 400க்கு 350 மி.மீ. அளவில் இதன் எடை சுமார் 1.5 கிலோ. அதே அளவு 3 மி.மீ. இரும்பு 3.3 கிலோ. ‘6061 டி6 இன்னும் கெட்டிங்க’ என்று யாராவது சொல்லலாம். கெட்டிதான், ஆனால் மடக்கும் இடத்தில் வெடிப்பு விடும். 5052 வெடிக்காமல் மடங்கும், கல்லில் அடி வாங்கினால் குழிந்து நிற்கும், சுத்தியலால் தட்டி நிமிர்த்தலாம். மடிப்பின் உள்வளைவு குறைந்தது தகட்டின் கனம் அளவாவது இருக்கட்டும். கூர்மையாக மடக்கச் சொல்லாதீர்கள்.

முதலில் கெட்டி அட்டையில் மாதிரி வெட்டி வண்டியில் பொருத்திப் பாருங்கள். இன்ஜினின் அடிப்பாகத்துக்கும் தகட்டுக்கும் 10 முதல் 15 மி.மீ. இடைவெளி வேண்டும். தகடு குழிந்தாலும் கேஸிங்கைத் தொடக்கூடாது. ஆயில் இறக்கும் போல்ட்டுக்கு நேராக, சாக்கெட் நுழையும் அளவுக்கு ஓட்டை வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு சர்வீஸுக்கும் தகட்டைக் கழற்ற வேண்டும், ஒருநாள் சோம்பலில் அதை மாட்டாமலே விட்டுவிடுவீர்கள். சேறும் தண்ணீரும் இறங்கப் பின்பக்கம் மூன்று நான்கு ஓட்டைகள். போல்ட் ஓட்டைகளை வட்டமாக வைக்காமல் இரண்டு மி.மீ. நீள்வட்டமாக வைத்தால் பொருத்தும்போது மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

பொருத்துவது ஃப்ரேமில். இன்ஜின் கேஸிங்கில் இருக்கும் போல்ட்டில் ஒருபோதும் வேண்டாம். கல்லில் அடிக்கும் வேகம் முழுவதும் அலுமினியக் கேஸிங்குக்குப் போய்ச் சேர்ந்தால், தகடு தப்பும், கேஸிங் விரியும். ஏற்கெனவே கம்பெனித் தகடு இருந்த வண்டியில் அதே இடங்களைப் பயன்படுத்தலாம். இடம் இல்லாத ஃப்ரேமுக்கு ரப்பர் வைத்த கிளாம்ப். ஃப்ரேமில் வெல்டிங் வைக்கச் சம்மதிக்காதீர்கள். வெப்பம் பட்ட இடத்தை ஒட்டித்தான் பின்னால் விரிசல் வரும்.

போல்ட் 8 எம்.எம்., 8.8 கிரேடு. தலை கீழே துருத்தினால் முதல் கல்லிலேயே உருண்டைத் தலையாகிவிடும், பிறகு ஸ்பானர் பிடிக்காது. தகட்டுக்குள் அமிழ்கிற அலன் போல்ட் போட்டால் அந்தக் குழியில் மண் போய் இறுகிவிடும், கீ நுழையாது. மாட்டியதும் குழியில் கிரீஸ் அப்பி வைத்துவிடுங்கள். அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் ஒன்றையொன்று அரிக்கும் என்பதால் போல்ட் மரையிலும் கிரீஸ் வேண்டும். தகடு இன்ஜின் சத்தத்தை எதிரொலித்து உறுமினால் உள்பக்கம் கெட்டியான ரப்பர் ஷீட் ஒட்டலாம். பஞ்சு மாதிரியான ஃபோம் தண்ணீர் உறிஞ்சி மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஆயில் கூலர் உள்ள வண்டியில் தகட்டின் முன்பகுதியை உயர்த்திக் காற்றை மறைக்கக் கூடாது. கூலருக்கு முன்னால் வலை போடுவது நல்லது, ஆனால் கொசுவலை போல நெருக்கமாக வேண்டாம். கரிசல் சேறு அடைத்துக்கொண்டால் கூலர் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

க்ராஷ் கார்டு விஷயத்தில் ஒரே எச்சரிக்கை. நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் லாரி பாடி, ரிக் வண்டி கட்டுகிற வெல்டர்கள் இரும்பு வேலையில் கெட்டிக்காரர்கள். பைக்குக் கம்பி வளைக்கச் சொன்னாலும் லாரிக்கு மாதிரியே கனமாகக் கட்டிவிடுவார்கள். கார்டு வளைய வேண்டும், ஃப்ரேம் வளையக் கூடாது. 22 அல்லது 25 மி.மீ. விட்டம், 2 மி.மீ. சுவர், அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு பக்கமும் ஃப்ரேமில் குறைந்தது இரண்டு இடத்தில் பிடிக்கட்டும், இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் குறுக்கே ஒரு குழாய் இணைக்கட்டும். ஒற்றைப் போல்ட்டில் தொங்கும் கார்டு விழுந்தால் நெம்புகோலாக மாறி, ஃப்ரேமில் இருக்கும் காதையே பிய்த்துவிடும்.

கைப்பிடி, கால்மிதி

ஹேண்ட் கார்டு வாங்கினால் உள்ளே அலுமினியப் பட்டை ஓடுகிற வகையை வாங்குங்கள். ஒரு முனை பார் நுனியில், மறு முனை உள்பக்கக் கிளாம்பில். வெறும் பிளாஸ்டிக் மட்டும் உள்ளது குளிருக்கும் கிளுவை வேலிக் கிளைக்கும் மறைப்பு, விழுந்தால் லிவரைக் காப்பாற்றாது. இட்டேரியில் இரண்டு பக்கமும் வேலி நெருங்கி நிற்கும் இடத்தில் கிளுவை முள் விரல் முட்டியைக் கீறிவிடும், அதனால் மறைப்புக்கும் மதிப்பு உண்டு. க்ளட்ச், பிரேக் லிவர் கிளாம்புகளைக் கையால் வேகமாகத் தட்டினால் திரும்பும் அளவுக்கு மட்டும் முடுக்கி வையுங்கள். கல் மாதிரி முடுக்கியிருந்தால் விழும்போது லிவர் ஒடியும். கொஞ்சம் இடம் கொடுத்தால் திரும்பித் தப்பித்துக்கொள்ளும்.

நின்றுகொண்டு ஓட்டும்போது முதுகு வளைந்தால் ஹேண்டிலை உயர்த்தும் ரைசர் வேண்டும். 20 முதல் 30 மி.மீ. வரை போதும். மாட்டிய பிறகு செய்ய வேண்டிய சோதனை ஒன்றை யாரும் செய்வதில்லை. வண்டியை ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட்டு, ஹேண்டிலை இடக்கோடி வரையும் வலக்கோடி வரையும் மெதுவாகத் திருப்புங்கள். ஏதாவது ஒரு பக்கம் ஆர்.பி.எம். ஏறினால் ஆக்ஸிலரேட்டர் கேபிள் இழுபடுகிறது. அதை அப்படியே விட்டால் கொண்டை ஊசி வளைவில் முழுசாகத் திருப்பும்போது வண்டி தானாகப் பாயும். கேபிளை வேறு வழியாக விட முடிந்தால் சரி, முடியாவிட்டால் ரைசரைக் குறையுங்கள். பிரேக் ஹோஸும் ஒயரிங்கும் கூட இரண்டு கோடியிலும் தளர்வாக இருக்க வேண்டும். ரைசருக்கான நீள போல்ட்டின் மரை கீழே குறைந்தது 12 மி.மீ. உள்ளே இறங்கட்டும்.

கால்மிதி ரப்பரைக் கழற்றிவிட்டால் உள்ளே பல் இருக்கும், மழையில் பூட்ஸ் வழுக்காது. நிறைய ஓட்டுகிறவர்களுக்கு அகலமான கால்மிதி பணத்துக்கு மதிப்புள்ள மாற்றம். நின்றபடி இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்த்தால் பாதம் சொல்லும்.

ஸ்ப்ராக்கெட்

சக்தியைக் கூட்ட முடியாத வண்டியில் அதைச் சரியான இடத்தில் பயன்படுத்த வைப்பது கியரிங். செயின் ஓடும் பல்சக்கரமான முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைப்பதுதான் இருப்பதிலேயே மலிவான மாற்றம். கணக்கு எளிது. முன்னால் 13, பின்னால் 40 பல் என்றால் விகிதம் 3.08. முன்னால் 12 ஆக்கினால் 3.33, எட்டு சதவீதம் கூடுகிறது. பின்னால் 43 ஆக்கினால் 3.31, ஏறத்தாழ அதே விளைவு. உங்கள் வண்டியில் பல்லை எண்ணிப் பார்த்துக் கணக்கிடுங்கள்.

கிடைப்பது: கல் நிறைந்த ஏற்றத்தில் முதல் கியரில் க்ளட்சை அரைக்காமல் நடை வேகத்தில் ஏறலாம். கொல்லிமலையின் 70 வளைவில் இரண்டாம் கியருக்கும் முதல் கியருக்கும் நடுவே தவிக்க வேண்டியதில்லை. இழப்பது: 80 கிலோமீட்டர் வேகத்தில் இன்ஜின் 6000 சுற்றினால் இனி 6500 சுற்றும். சேலம் பைபாஸில் தினம் ஓடுகிறவர்களுக்கு இது எரிச்சலும் பெட்ரோல் செலவும்.

முன்பல்லைக் குறைத்தால் செயின் கூர்மையாக வளையும், சீக்கிரம் தேயும், ஸ்விங் ஆர்ம் மேல் இருக்கும் ரப்பர் ஸ்லைடரிலும் அதிகம் உரசும். பின்பல்லைக் கூட்டினால் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் செயின் நீளம் போதுமா என்று பார்க்க வேண்டும். ஒரு பல்லுக்கு அச்சு, செயின் பிட்சில் கால் பங்கு முன்னே வரும். 428 செயினின் பிட்ச் 12.7 மி.மீ., 520 செயினுக்கு 15.875. மூன்று பல் கூட்டினால் முதலாவதில் சுமார் 9.5 மி.மீ., இரண்டாவதில் சுமார் 12 மி.மீ. அச்சு முன்னே வரும். அவ்வளவு இடம் அட்ஜஸ்டரில் இல்லையென்றால் இரண்டு லிங்க் கூடுதலான செயின் வாங்க வேண்டும். எண் செயினின் பக்கத் தகட்டிலேயே இருக்கும். ரோலான் செயின் செய்கிற எல்.ஜி.பி. நம்ம கோவைக் கம்பெனிதான் என்பதால் செயினுக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் இங்கே அலைச்சல் குறைவு. பழைய ஸ்ப்ராக்கெட்டில் புதுச் செயின் மட்டும் மாட்டுவது காசைக் கரியாக்குகிற வேலை. செயின், இரண்டு ஸ்ப்ராக்கெட் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள்.

ஸ்பீடோமீட்டர் சென்சார் சக்கரத்தில் இருந்தால் வேகம் சரியாகவே காட்டும். கியர்பாக்ஸில் இருந்து எடுக்கிற வண்டியில் வேகமும் கிலோமீட்டரும் கூடுதலாகக் காட்டும்.

செயின் தளர்வைச் சென்டர் ஸ்டாண்டில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நீளமான சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் கீல், பின்அச்சு மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் மிக இறுக்கம். பின்சீட்டில் இரண்டு பேரை உட்காரவைத்து அழுத்தி, அந்த நிலையில் ஒரு விரல் அளவாவது ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடாவிட்டால் குழியில் விழுகிற ஒவ்வொரு முறையும் கியர்பாக்ஸ் பேரிங் இழுபடும்.

சஸ்பென்ஷன்

புது ஷாக் அப்சார்பர் வாங்குவதற்கு முன் இருப்பதை உங்கள் எடைக்குச் செட் செய்யுங்கள். ஒரு டேப், ஒரு துணை ஆள் போதும்.

பின்சக்கரம் தரையைத் தொடாமல் தூக்கி, அச்சிலிருந்து நேர் மேலே பின்பக்கப் பேனலில் ஒரு புள்ளி வரை அளந்துகொள்ளுங்கள். வண்டியை இறக்கி நிறுத்தி, யாரும் உட்காராமல் அளங்கள். பிறகு ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ், வழக்கமாக எடுத்துப் போகிற பை எல்லாம் போட்டு உட்கார்ந்து அளங்கள். முதல் அளவுக்கும் மூன்றாவது அளவுக்கும் உள்ள வித்தியாசம், சஸ்பென்ஷன் மேலும் கீழும் நகரும் மொத்தப் பயணத்தில் 30 சதவீதத்தைச் சுற்றி இருக்க வேண்டும். எக்ஸ்பல்ஸின் பின்பக்கப் பயணம் 170 மி.மீ., அப்படியானால் 50 முதல் 56. முன்னால் 190, அங்கே 48 முதல் 57.

பிரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவை) கூட்டிக் குறைத்து இந்த அளவைக் கொண்டுவந்த பிறகு இரண்டாவது அளவைப் பாருங்கள். வண்டி தன் எடையில் 10 முதல் 15 சதவீதம் அமுங்க வேண்டும். அமுங்கவே இல்லை என்றால் ஸ்பிரிங் உங்களுக்கு மெலிது. அதைப் பிரீலோடால் நெரித்து வைத்திருக்கிறீர்கள். வேகத்தடையில் பின்பக்கம் தூக்கி அடிப்பது அதனால்தான். ரொம்ப அமுங்கினால் ஸ்பிரிங் கெட்டி. 90 கிலோவுக்கு மேல் இருப்பவர்கள், பின்னால் ஆளோ மூட்டையோ ஏற்றுகிறவர்கள் முதலில் ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும், முழு ஷாக்கை அல்ல.

முன் ஃபோர்க் பிரேக் பிடித்தால் தலைகுப்புற இறங்குகிறது என்பவர்கள் முதலில் ஆயிலை மாற்றிப் பாருங்கள். பழைய ஆயில் கறுத்து நீர்த்துப் போயிருக்கும். கம்பெனி சொன்ன கிரேடையே போட்டு, அளவை மட்டும் 10 மி.மீ. உயர்த்தினால், மேலே காற்றறை சுருங்கி, கடைசிப் பயணத்தில் நல்ல எதிர்ப்பு கிடைக்கும். அளப்பது ஸ்பிரிங்கை எடுத்து, ஃபோர்க்கை முழுசாக அமுக்கி, குழாயின் விளிம்பிலிருந்து ஆயில் மட்டம் வரை. இரண்டு பக்கமும் ஒரே அளவு. ‘கெட்டியா இருக்கட்டும்’ என்று நிறைய ஊற்றினால் சீல் வெடித்துப் பிரேக் டிஸ்க் மேல் ஒழுகும்.

பிரீலோட் அட்ஜஸ்டர் இல்லாத ஃபோர்க்குக்கு 10 மி.மீ. ஸ்பேசர் லேத்தில் கடையலாம், அலுமினியத்தில். இரு முனையும் சதுரமாக இருக்கட்டும், இரு பக்கமும் வாஷர். 15 மி.மீ.க்கு மேல் போகாதீர்கள். ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டி நின்றுவிடும்.

சீல் ஒழுகினால் உடனே மாற்றிவிடாதீர்கள். பெரும்பாலும் உதட்டில் மண் துகள் சிக்கியிருக்கும். பழைய எக்ஸ்ரே ஃபிலிமை விரல் அகலத்தில் வெட்டி, நுனியில் சின்னக் கொக்கி மாதிரி நறுக்கி, சீலுக்கும் குழாய்க்கும் நடுவே விட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் மண் வந்துவிடும், ஒழுகலும் நிற்கும். நியோபிரீன் உறை போட்டால் மறுபடி வருவது குறையும், ஆனால் அதைக் கழற்றித் துவைக்க வேண்டும். சேறு உள்ளே தங்கினால் உறையே உப்புத்தாள் வேலை செய்யும்.

உயரத்தைக் கூட்டும் ஆசை உள்ளவர்கள் இந்த எண்ணைப் பாருங்கள். எக்ஸ்பல்ஸ் 4வி ப்ரோவில் முன்னால் 250, பின்னால் 220 மி.மீ. பயணம், சீட் உயரம் 891 மி.மீ. சாதாரண மாடலில் 825. சேற்றில் ஒரு காலை ஊன்ற முடியாமல் போனால் அந்தக் கூடுதல் பயணத்தால் லாபமில்லை. லிங்க் மாற்றிப் பின்பக்கத்தை மட்டும் தூக்குவது இன்னும் மோசம். ஹேண்டில் கோணம் செங்குத்தாகி, ஆற்று மணலில் முன்சக்கரம் நெளியும். தூக்கியவர்கள் சைடு ஸ்டாண்டையும் நீட்ட வேண்டும். தூக்காதவர்களும் ஸ்டாண்ட் அடியில் 60க்கு 80 மி.மீ. தகடு ஒன்று வைத்துக்கொண்டால் மழை ஈரத்துச் செம்மண்ணில் வண்டி சாயாது.

ஃபில்டர், சைலன்சர்

மரவள்ளிக் காட்டு வழியில் கோடைப் புழுதி மாவு மாதிரி இருக்கும். முன்னால் போகிற வண்டியின் புழுதியைத் தின்றுகொண்டு போனால் பேப்பர் ஃபில்டர் சர்வீஸ் தேதி வரை தாங்காது. 1500 கிலோமீட்டருக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். ஆயில் தடவிய ஃபோம் ஃபில்டர் கழுவித் திரும்பப் போடலாம், மண் வழிக்கு அது சிறந்தது. விளிம்பில் மெல்லியதாக கிரீஸ் தடவினால் ஓரமாகப் புழுதி நுழையாது. பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு கோன் ஃபில்டர் மாட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். நுண்புழுதி உள்ளே போய் பிஸ்டனையும் சிலிண்டரையும் தேய்த்துவிடும்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 வண்டிகளில் ஆக்ஸிஜன் சென்சாரும் கேட்டலிடிக் கன்வர்ட்டரும் இன்ஜின் கணக்கோடு பிணைந்தவை. ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் போட்டால் சத்தம் கூடும், மண்ணில் தேவைப்படுகிற கீழ் ஆர்.பி.எம். இழுவை பெரும்பாலும் குறையும், ஆக்ஸிலரேட்டரை விடும்போது படபடவென்று வெடிக்கும். தோட்டத்துச் சாளைகளை (தோட்ட வீடுகளை) ஒட்டிய இட்டேரியில் அந்தச் சத்தத்தோடு போனால் கறவை மாடு மிரளும், ஊர்க்காரர்கள் அடுத்த முறை வழியை அடைத்துவிடுவார்கள். அவர்கள் செய்வது நியாயம். இதற்குச் செலவழிக்கும் பணத்தில் டயர், டியூப், பேஷ் பிளேட் மூன்றும் வாங்கிவிடலாம்.

விளக்கு, காற்றுத் தடுப்பு, சுமை

கூடுதல் விளக்கை நேராக சுவிட்ச்சில் இணைக்காதீர்கள், ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டை இணைக்கும் சுவிட்ச்) வையுங்கள். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயின் 30 என்ற முனை; 87-லிருந்து விளக்கு; 86-க்கு சாவி போட்டால் மட்டும் வரும் கரண்ட் சுவிட்ச் வழியாக; 85 எர்த். 20 வாட் விளக்கு இரண்டு என்றால் 3.3 ஆம்பியர், ஃபியூஸ் 5. ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். தூரத்தில் வைத்தால் நடுவில் ஒயர் உரசி ஷார்ட் ஆகும்போது அது காப்பாற்றாது. எல்லா விளக்கையும் போட்டு ஐடிலில் பேட்டரி வோல்டேஜைப் பாருங்கள், 13-க்குக் கீழே இறங்கினால் சுமை அதிகம். வால்பாறை, ஏற்காடு பனிமூட்டத்துக்கு மஞ்சள் விளக்கு, தாழ்வாக, எதிரே வருபவர் கண்ணில் படாத கோணத்தில். ஒயரிங்கை வெட்டி ஒட்டினால் வாரண்டி போகும் என்பதையும் யோசித்துச் செய்யுங்கள்.

உயரமான விண்ட்ஷீல்டு வாங்குகிறவர்கள் ஆனி, ஆடி மாதத்தில் பல்லடம் தாராபுரம் ரோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது மெல்லிய முன்சக்கரமும் உயர மட்கார்டும் ஏற்கெனவே காற்றைப் பிடிக்கும். அதோடு பெரிய கண்ணாடியும் சேர்ந்தால் வண்டி பாதையை விட்டுத் தள்ளும். தோளளவுக்குக் கீழே நிற்கும் சின்னதே போதும்.

சுமையை இரண்டு பக்கத் துணிப் பையில், முடிந்தவரை முன்னால், தாழ்வாக. சைலன்சரிலிருந்து 50 மி.மீ. தள்ளி. டாப் பாக்ஸில் கனமான பொருள் வைத்துக் குழியில் ஓட்டினால் சீட்டைத் தாங்கும் சப் ஃப்ரேம் வெல்டிங்கில் விரிசல் விடும். கேரியர் போல்ட் பக்கத்தில் பெயின்ட் உரிந்து மெல்லிய துருக்கோடு தெரிந்தால் அதுதான் தொடக்கம்.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்த அமைப்போடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182அ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ என்கிறது. பெரிய மாற்றம் எதுவானாலும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். ஆனைமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களுக்குள் எந்த வண்டியும் பொதுச் சாலையை விட்டு இறங்கக் கூடாது. டயர் எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

மாட்டிய பிறகு

புதிதாக மாட்டிய ஒவ்வொரு போல்ட்டையும் முடுக்கிய கையோடு, தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கோடு முறிந்திருந்தால் போல்ட் திரும்பியிருக்கிறது. ஸ்பானர் எடுக்காமலே ஒரு பார்வையில் தெரியும். முதல் 100 கிலோமீட்டர் மண் வழிக்குப் பிறகு எல்லாவற்றையும் மறுபடி முடுக்குங்கள், 500-ல் இன்னொரு முறை. 6 எம்.எம். போல்ட்டுகளுக்கு நீல நிற த்ரெட்லாக்கர் ஒரு சொட்டு. சிவப்பு வேண்டாம், வழியில் கழற்ற முடியாது. ஸ்போக்குகளை ஒவ்வொன்றாகச் சின்ன ஸ்பானரால் தட்டிப் பாருங்கள். இறுகியது கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது சொத்தென்று. தளர்ந்ததை ஒரே தடவையில் கால் சுற்றுக்கு மேல் திருப்பாமல் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்ததுக்குப் போங்கள்.